மஞ்சள் மழைக்கோட்டுக்காரி

போடிநாயக்கனூர்
18 ஆகஸ்ட் 2025, திங்கள்

ஜன்னத்துக்கு,

பரீட்சை முடிந்த பிறகு நான் இவ்வளவு நேரம் பேனா பிடித்ததில்லை. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உன் போன் அணைந்தே கிடக்கிறது. காலை முறித்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கும் உன் அத்தாவிடம் போய்க் கேட்டேன். எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது, குரங்கணிக்கு இறங்கினால்தான் உண்டு, அவசரமென்றால் ஜீப்பில் எழுதிக் கொடுத்தனுப்பு என்றார். அதனால் மொக்கச்சாமி அண்ணனிடம் கொடுக்கிறேன். தினமும் காலையில் காய் எடுக்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு உங்கள் ஏலத்தோட்டத்துக்கு வருகிறவர், இதையும் ஒரு லோடாக ஏற்றிக்கொள்ளட்டும். கடிதம் தரப்போகிறேன் என்றதும், "ஏத்தா, கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைக ரெண்டும் இப்பிடி காயிதம் எழுதிக்கிட்டுத் திரியிறீகளே" என்றார். என்ன சொல்வது? நம் சண்டையை அவரிடம் விளக்க முடியுமா?

விஷயம் இதுதான். நம் பிரவுசர் எக்ஸ்டென்ஷனில் ஒரு படத்தை எடுத்துவிட்டு வேறு ஒன்று போட வேண்டும். கால்பந்து சீசன் அடுத்த மாதம் ஆரம்பிக்கிறது, அதற்குள் முடித்தாக வேண்டும். வேறு படம் தயாராக இருக்கிறது. ஆனால் அக்கவுன்டுக்குள் போனால் உன் நம்பருக்குத்தான் ஓடிபி போகிறது. நீ ஒரு நாள் குரங்கணிக்கு இறங்கி வந்து அந்த நம்பரைச் சொன்னால் என் சோலி முடிந்துவிடும். வெரசாச் செய்தால் நல்லது.

இங்கே எங்கள் பேனர் கடையில் பிள்ளையார் சதுர்த்தி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நம் எக்ஸ்டென்ஷன் என்ன செய்யும் என்று நேற்றுக்கூட ஒருவர் கேட்டார். பிரவுசரில் புதுப் பக்கம் திறக்கும்போதெல்லாம் அமெரிக்கக் கால்பந்துப் படம் ஒன்று வரும், மூலையில் மணியும் அடுத்த ஆட்டத்துக்கு எத்தனை நாள் என்பதும் வரும் என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான், ஒரு லட்சம் பேர் வைத்திருக்கிறார்கள் என்றேன். அந்தப் பந்தைக் காலால் தொடுவதே அபூர்வம் என்று நீ சொல்வாயே, அதையும் சொன்னேன். அவருக்கு அதுதான் பிடித்தது.

கோபம் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பவதாரணி


எஸ்டேட், குரங்கணிக்கு மேல்
19 ஆகஸ்ட் 2025

பவதாரணிக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் தீரவில்லை.

ஒரு படத்தை எடுக்க வேண்டும் என்கிறாய். எந்தப் படம் என்று இல்லை, எதற்கு என்று இல்லை. நீ காரணம் சொல்லாமல் ஒரு வேலை கேட்டால், அந்தக் காரணம் எனக்குப் பிடிக்காது என்று உனக்கே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். நான்கு வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் நான். வெறும் மைதானமும் புல்லும் வானமும் போதும் என்று நான் சொன்னபோது, முகம் இருந்தால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்று கூட்டத்தில் இருந்த ஆட்களின் முகத்தையெல்லாம் பெரிதாக்கிப் போட்டாய். இப்போது இன்னும் நாலு முகம் சேர்க்கப் போகிறாய், அவ்வளவுதானே? அதற்கு நான் குரங்கணி வரை இறங்க முடியாது. இங்கே காய் எடுப்பு நடக்கிறது. எடுத்த காயை அன்றைக்கே ஸ்டோரில் உலர்த்தவில்லை என்றால் நிறம் போய்விடும். அத்தா இல்லாமல் எல்லாம் மகள் தலையில்.

பஸ் ஸ்டாண்டு எதிரே உன் பேனர் இன்னும் நிற்கிறதா? "அமெரிக்காவே திரும்பிப் பார்க்கும் போடியின் புதல்வி." உன் முகம், உன் தோளுக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட், அதற்குப் பின்னால் ஒரு சிங்கம். சிங்கத்துக்குக்கூட இடம் இருந்தது. எக்ஸ்டென்ஷனுக்கு எழுதின புரோகிராம் ஒவ்வொரு வரியும் என்னுடையது, அந்த பேனரில் நான் எங்கே என்று கேட்டதற்கு, "உனக்குத்தான் பேனர்ல வரப் பிடிக்காதே" என்றாய். கல்லூரி பேனரிலிருந்து என் படத்தை எடுத்துவிடச் சொன்னேன், உண்மைதான். முகம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பேர் வேண்டாம் என்று எப்போது சொன்னேன்?

அதைக் கேட்டதற்கு என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டாய். இப்போது அதே நம்பர் வேண்டியிருக்கிறது.

ஜன்னத்


போடிநாயக்கனூர்
20 ஆகஸ்ட் 2025

ஜன்னத்,

சரி, திட்டியது போதும். காரணத்தைச் சொல்கிறேன். முதலிலேயே சொல்லாதது நீ "நான் அப்பவே சொன்னேன்ல" என்பாயே, அதைக் கேட்கப் பிடிக்காமல்தான்.

மஞ்சள் மழைக்கோட்டுப் படம் நினைவிருக்கிறதா? மழையில் நனைந்துகொண்டு, கையை உயர்த்தி, வாயைத் திறந்து கத்துகிறாளே, அவள். இலவசப் படங்கள் கிடைக்கும் தளத்தில் எடுத்தோம். அசல் படத்தில் அவள் நூறு பேரில் ஒருத்தி, சுண்டுவிரல் அளவு. நான்தான் வெட்டி, பெரிதாக்கி, முகத்தில் வெளிச்சம் ஏற்றினேன். காதுகுத்து பேனரில் தாய்மாமன் முகத்தை எடுப்பாகக் காட்டுவது போலத்தான் செய்தேன். நம் ஊரில் முகத்தைப் பெரிதாகப் போட்டால் ஆட்கள் போன் பண்ணி நன்றி சொல்கிறார்கள். சின்னதாகிவிட்டால்தான் சண்டைக்கு வருகிறார்கள். அவளும் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து நம் மெயிலுக்குக் கடிதம் வந்தது. பெயர் போடவில்லை. அவள் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "உங்கள் படத்தில் இருப்பது நான். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி புதுப் பக்கம் திறந்தாள், திரை முழுக்க என் முகம். நான் ஒருவனிடமிருந்து தப்பி வந்து இந்தச் சின்ன ஊரில் வேறு பெயரில் வாழ்கிறேன். அவன் இந்த விளையாட்டின் மேல் பைத்தியமாக இருப்பவன். உங்கள் படங்கள் அவன் கம்ப்யூட்டரில் இல்லாமல் இருக்காது. அவன் கண்ணில் படுவதற்குள் எடுத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்."

படித்ததும் படத்தை எடுத்துவிடத்தான் நினைத்தேன். ஆனாலும், ஜன்னத், உன்னிடம் மறைக்க மாட்டேன், ஒரு நாள் யோசித்தேன். அந்தப் படம் வந்த பிறகுதானே நம் எக்ஸ்டென்ஷன் ஓடியது? யாராவது வம்புக்கு எழுதியிருப்பார்களோ என்றும் நினைத்தேன். பிறகு படத்தையும் கடிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பொய் சொல்லவில்லை என்று பட்டது.

இன்னொன்று. படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் ஊர் பெயர் வருகிறது. எந்தப் படம் எங்கே எடுத்தது என்று போடாவிட்டால் அரைகுறை வேலை என்று அதைச் சேர்த்தது நீ. அந்த ஊர் பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. என்னவோ, எழுதப் பயமாக இருக்கிறது.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கீழே இறங்கு, புள்ள.

பவதாரணி


எஸ்டேட்
21 ஆகஸ்ட் 2025

பவதாரணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்ததை எனக்குப் புதன்கிழமை சொல்கிறாய். நடுவில் எனக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் பிள்ளையார் பேனரைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். கல்லூரி பேனரிலிருந்து என் படத்தை நீக்கு என்று நான் சொன்னபோது ஏன் என்றுகூடக் கேட்காமல் நீக்கினாய். இவளிடம் மட்டும் உண்மையா பொய்யா என்று ஒரு நாள் ஆராய்ச்சி. உன்மேல் இருந்த கோபம் எல்லாம் பேனருக்கான கோபம். இது வேறு.

திட்ட நேரமில்லை. படங்கள் எல்லாம் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே கட்டி வைத்தவை. நாம் புதுப் பதிப்பு ஏற்றினால்தான் அவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் படம் போகும், வேறு வழி கிடையாது. ஓடிபி பத்து நிமிடம்தான் செல்லும். அதை எழுதி ஜீப்பில் அனுப்ப முடியாது.

அதனால் இப்படிச் செய்வோம். நாளை வெள்ளிக்கிழமை, மதியத்துக்கு மேல் ஆட்களுக்கு வேலை குறைவு. நான் குரங்கணிக்கு இறங்கி உன்னைக் கூப்பிடுகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திரு. புதுப் பதிப்பைத் தயாராக வைத்துக்கொள். மூலையில் வரும் ஊர் பெயரை எல்லாப் படத்திலிருந்தும் எடுத்துவிடு. எந்தக் கோப்பு, எந்த வரி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அதுவரை நம் மெயிலுக்கு வரும் யாருக்கும் பதில் எழுதாதே. யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் எழுதாதே. உன் வாய் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை இருக்கட்டும்.

ஜன்னத்


போடிநாயக்கனூர்
23 ஆகஸ்ட் 2025, சனி காலை

ஜன்னத்,

நேற்று மதியத்திலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்கு வந்தவர்களையெல்லாம் விரட்டினேன். நீ கூப்பிடவில்லை. வேண்டுமென்றே வரவில்லை என்று முதலில் நினைத்தேன், மன்னித்துவிடு. சாயங்காலம்தான் மொக்கச்சாமி அண்ணன் வந்து, மேலே கொட்டிய மழையில் ஓடை பெருகி ஜீப்புப் பாதையை அறுத்துவிட்டது, ஒரு வண்டியும் ஏறவில்லை இறங்கவில்லை என்றார். இன்று காலை கல் போட்டு நிரவியிருக்கிறார்களாம். அதனால் இதை அனுப்புகிறேன்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுக் கத்தாதே. நேற்று ஒரு ஆணிடமிருந்து மெயில் வந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறான். மஞ்சள் மழைக்கோட்டில் இருப்பது தன் மனைவி என்கிறான். அவளுக்கு மனநிலை சரியில்லை, வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடமாகிறது, தேடாத இடமில்லை, அவள் அம்மா அழுதே கண் போய்விடும்போல இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறான். படம் எந்த ஊரில் எடுத்தது, எப்போது எடுத்தது என்று மட்டும் சொன்னால் போதுமாம். கூடவே கல்யாணப் படம் ஒன்று. அவளேதான். அந்தப் படத்தில் அவள் சிரிக்கவில்லை. ஆனால் கல்யாணப் படத்தில் நம் ஊரில் யார்தான் சிரிக்கிறார்கள்?

ஜன்னத், நான் குழம்பிப் போயிருக்கிறேன். இருவரில் யாரை நம்புவது? அவள் பெயர்கூடச் சொல்லவில்லை. இவன் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கொடுத்திருக்கிறான். ஒருவேளை அவளுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்றால்? ஒரு குடும்பம் பெண்ணைத் தேடி அழும்போது, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பாவம் இல்லையா? நம் ஊரில் யாராவது ஒரு வீட்டைக் கேட்டால் வாயால் சொல்லி அனுப்புவோமா, கூடவே போய் வாசலில் விட்டுவிட்டுத்தானே வருவோம்? என் அப்பா அப்படித்தான் என்னை வளர்த்தார்.

பதிலை அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை, நீ சொன்னதற்காக. இன்று சாயங்கால ஜீப்பில் உன் பதில் வரும்வரை காத்திருப்பேன். வரவில்லை என்றால் என் மனசு சொன்னபடி செய்வேன். ஒருவேளை தவறாக இருந்தாலும், நல்லதை நினைத்துச் செய்த தவறாக இருக்கட்டும்.

பவா


எஸ்டேட்
23 ஆகஸ்ட் 2025, சனி மாலை

பவா,

அனுப்பாதே. முதலில் இதைப் படி, பிறகு மற்றதை. அனுப்பாதே.

உன் கடிதம் வந்த அதே ஜீப்பில்தான் அந்த மாதிரி ஒரு ஆளும் வந்தான். அமெரிக்காக்காரன் இல்லை, நம் சிலமலைக்காரன். இங்கே ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற ரேணுகாவின் புருஷன். ரேணுகா வந்ததிலிருந்து அதிகம் பேசமாட்டாள், நன்றாக வேலை செய்வாள், லீவு கேட்கமாட்டாள். ஊர் எது என்று கேட்டால் தேவாரம் பக்கம் என்பாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவன் கையில் மிக்சர் பொட்டலமும் பிள்ளையின் ஒரு ஜோடி செருப்பும் வைத்திருந்தான். பிள்ளை அம்மாவைக் கேட்டு அழுகிறது, சமாதானம் பேசிக் கூட்டிப் போகலாம் என்று வந்தேன் என்றான். அவ்வளவு பணிவு. மொக்கச்சாமி அண்ணன் அவனைக் காசு வாங்காமல் ஏற்றி வந்திருக்கிறார். நான் ஸ்டோர் வாசலில் நின்று உன் கவரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ரேணுகா எங்கே என்று கேட்டான். தலையை நிமிர்த்தாமலே கையைக் காட்டினேன். உள்ளே, கடைசி மேசை என்றும் சொன்னேன்.

"நம் ஊரில் வாசலில் விட்டுவிட்டுத்தானே வருவோம்" என்று நீ எழுதியிருந்த இடத்துக்கு நான் வந்தபோது உள்ளே சத்தம் கேட்டது.

பெண்கள் எல்லாரும் சேர்ந்துதான் அவனை இழுத்துப் பிரித்தார்கள். ரேணுகாவின் நெற்றி பிளந்திருக்கிறது. காப்பித்தூள் வைத்துக் கட்டியிருக்கிறோம், ரத்தம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் கீழே இறங்க மாட்டேன் என்கிறாள். கீழே அவன் இருப்பான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாது ரேணுகா, தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கோபப்படவே இல்லை.

"வழி கேட்டா சொல்லத்தான் செய்வாக. என்னையவும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் அழ வெட்கமாக இருந்தது, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பவா, யார் பொய், யார் உண்மை என்று நீயும் நானும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் காட்டாதே என்று ஒருத்தி சொன்னாள். அது போதும். அவள் அம்மா அழுகிறாள் என்றால், உன்னைத் தேடி ஒருவன் எழுதியிருக்கிறான் என்று அவளிடம் சொல். போவதும் போகாததும் அவள் பாடு. முதலில் அவளுக்கு எழுது. இன்றைக்கே எழுது.

நான் ரேணுகாவைத் தனியாக விட்டுவிட்டு இறங்கமாட்டேன். அதனால் என் சிம்மைக் கழற்றி இந்தத் தாளின் அடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். உன் போனில் போடு. ஓடிபி உனக்கே வரும். பேங்க் மெசேஜ், வீட்டு மெசேஜ் எல்லாம் இதில்தான் வரும். பார்த்தாலும் பார், எனக்கு இப்போது அதைப் பற்றிக் கவலையில்லை.

அவனை மொக்கச்சாமி அண்ணன் போலீசில் விடக் கூட்டிப் போகிறார். முகமே செத்துப்போய் நிற்கிறார் பாவம். உன் கடிதத்தோடு ஏறி வந்தவன் என் கடிதத்தோடு இறங்குகிறான். கவரைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தான் போடச் சொல்லியிருக்கிறேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் நீ அனுப்பியிருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜன்னத்


போடிநாயக்கனூர்
26 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

ஜன்னத்,

அனுப்பவில்லை. நீயும் முதலில் இதைப் படி.

சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஜீப் வரவில்லை. நான் பதிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேலும் காத்திருக்க முடியாது என்று தோன்றி, அனுப்பும் பொத்தான் வரை விரல் போனது. ஏனோ மனசு வரவில்லை, எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். ஜீப்புகள் வந்து நிற்பது என் பேனருக்குக் கீழேதான். விளக்குப் போட்டிருந்தார்கள். பேனரில் சிங்கத்தோடு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடந்து போனவர்கள் பேனரைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி பேனரைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் அங்கே நிற்க முடியவில்லை எனக்கு. என் முகம்தான், நான் கேட்டு வாங்கிப் போட்டதுதான், ஆனாலும் முடியவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்க நேரமாகிவிட்டது என்று மொக்கச்சாமி அண்ணன் கவரை எடுத்துக் கொடுத்தார். "நாந்தேன் ஏத்திக்கிட்டுப் போனேன், ஆத்தா" என்றார். அங்கேயே நின்று உன் கடிதத்தைப் படித்தேன். கடைக்கு ஓடிப்போய் அடித்து வைத்த பதிலை அழித்தேன். உடனே அவளுக்கு எழுதினேன். ஒருவன் கேட்டிருக்கிறான், நாங்கள் எதுவும் சொல்லவில்லை, சொல்லமாட்டோம், உங்கள் அம்மா அழுவதாக எழுதியிருக்கிறான் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அதன் பிறகு உன் சிம்மைப் போட்டேன். ஓடிபி வந்தது. நீ சொன்ன வரிகளை நீக்கிப் புதுப் பதிப்பை ஏற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிரவுசர் கம்பெனியின் ஒப்புதல் வந்தது. இப்போது மஞ்சள் மழைக்கோட்டுப் படம் எங்கும் இல்லை.

இனிமேல் எழுதுவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீ என்னிடம் எதையும் மறைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனிடமிருந்து இன்னொரு மெயில் வந்தது. ஒரே வரி. "சிரமப்பட வேண்டாம், மூலையில் ஊர் பெயர் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன், நன்றி."

அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, ஜன்னத். முகத்தை நான் போட்டேன், ஊரை நீ போட்டாய். இரண்டு பேரும் சேர்ந்துதான் அவனைக் கூட்டிப் போய் வாசலில் விட்டிருக்கிறோம்.

இன்று காலை அவள் பதில் வந்தது. உயிரோடு இருக்கிறாள். என் கடிதம் பார்த்த உடனே, சனிக்கிழமையே, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் அவன் வந்திருக்கிறான், பக்கத்து மேசைக்காரி போனில் சொன்னாளாம். அந்த ஊரில் யாரோ அவனுக்கு அவள் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள், "நல்ல மனசோடுதான் காட்டியிருப்பார்கள்" என்று எழுதியிருக்கிறாள். வீடு காலியாக இருந்தது. அவள் அம்மா இறந்து பல வருடம் ஆகிறதாம்.

கடைசியில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். "உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் படம் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் நான் வெகுகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுக் கத்தினேன். அங்கே எல்லாரும் கத்துவார்கள், யாரும் யாரையும் அடக்கமாட்டார்கள். இனி அந்த மைதானத்துக்கு நான் போக முடியாது. அந்தப் படத்தின் ஒரு பிரதியை நான் வைத்துக்கொள்ளலாமா?"

தன் முகத்தை வைத்துக்கொள்ள அவள் என்னிடம் அனுமதி கேட்கிறாள், ஜன்னத். அதைப் படித்துவிட்டு பிரின்டிங் மிஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதேன். படத்தை அவளுக்கு அனுப்பிவிட்டு, என்னிடம் இருந்தது எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். மற்ற முகங்களையும் அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன். புல்லும் வானமும் போதும். ஆள் குறைந்தால் குறையட்டும்.

பேனரை இறக்கச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு வருத்தம்தான். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் "உருவாக்கியவர்கள்" என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உன் பெயரை நேற்றே அடித்துவிட்டேன், பிறகு அழித்துவிட்டேன். கேட்காமல் செய்யக் கூடாது என்று தோன்றியது. உன் முகம் இல்லாமல், உன் பெயரை மட்டும் போடட்டுமா?

ரேணுகாவுக்கு எப்படி இருக்கிறது? உன் சிம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உன் மெசேஜ் எதையும் பார்க்கவில்லை. உன் அத்தா அனுப்பிய ஒன்று மட்டும் தானாகத் திரையில் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தார்.

பவா


எஸ்டேட்
27 ஆகஸ்ட் 2025

பவா,

மூலையில் அந்த ஊர் பெயரை எழுதிய வரி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். காலையிலிருந்து அது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல வேலை என்று நினைத்து எழுதினேன். நீ சொல்லாமல் விட்டிருந்தால் உன்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சொன்னதற்குத் திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை.

ரேணுகாவுக்குக் காயம் ஆறுகிறது. நேற்று மேசைக்குத் திரும்பிவிட்டாள். மழைக்கோட்டுக்காரியைப் பற்றி அவளிடம் சொன்னேன். காயைப் பிரித்துக்கொண்டே, அவளுக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டாள். தெரியாது என்றேன். தன் பிள்ளையின் செருப்பைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். பிள்ளையை எப்படி இங்கே கொண்டுவருவது என்று அத்தாவிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். ரேணுகாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

என் பெயரைப் போடு. முகம் வேண்டாம்.

சிம்மை ஜீப்பில் அனுப்பாதே, நீயே கொண்டா. உங்கள் வீட்டுக் கொழுக்கட்டை மீந்திருந்தால் அதையும். வருகிற வழியில் எங்கள் எஸ்டேட் எது என்று யாரிடமும் கேட்காதே. நான் குரங்கணியில் வந்து நிற்கிறேன்.

ஜன்னத்